கோவை மழைப் பதிவேட்டின் வெற்றுக் கட்டங்கள்

இந்தக் கருத்தரங்கில் வானிலை, நீரியல், வேளாண்மை மூன்றிலும் ஆழ உழைத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். அளந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

கோவையின் நெடுங்கால மழைப்போக்கும் மாறுபாடும் என்பது நம் பொருள். பாலக்காட்டுக் கணவாய், மழை மறைவு, ஐப்பசி கார்த்திகையைப் பெரிதும் நம்பியிருக்கும் 700 மில்லிமீட்டரை ஒட்டிய ஆண்டு மழை ஆகியவற்றை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. போக்கு உண்டா என்று பார்க்கும் மான்-கெண்டல் சோதனையும் அதன் வேகத்தை அளக்கும் சென் சாய்வும் நம் எல்லோருக்கும் கைவந்த கருவிகள். அந்தக் கருவிகளுக்குள் எந்த எண்களைப் போடுகிறோம் என்பதே என் கவலை.

போக்கை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது என்ற பழைய விவாதத்தை நீட்ட மாட்டேன். வடகிழக்குப் பருவமழை 2005-இல் தமிழகத்தில் இயல்பைவிட ஏறத்தாழ 79 விழுக்காடு கூடியது. 2016-இல் 62 விழுக்காடு குறைந்தது. முன்னதில் தொடங்கிப் பின்னதில் முடித்தால் பல ஊர்களில் மழை அருகிவருவதாகக் காட்டிவிடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் மழைப் பதிவேட்டில் இருக்கிறது. கையால் எழுதிய பழைய பதிவேட்டுப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். சனி, ஞாயிறு கட்டங்கள் காலி. திங்கள் கட்டத்தில் ஒரே எண். மூன்று கட்டங்களையும் அணைத்து ஓர் அடைப்புக்கோடு. கடைசிப் பத்தியில் 'மூன்று நாள் மழை சேர்த்து' என்று ஒரு குறிப்பு. எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். கணினியில் ஏற்றியபோது அடைப்புக்கோடும் குறிப்பும் உதிர்ந்துபோயின. காலிக் கட்டங்கள் சுழியாயின.

விளைவைக் கணக்கிடுங்கள். நாளுக்கு 25 மி.மீ. வீதம் மூன்று நாள் பெய்த மழை, ஒரே நாளில் கொட்டிய 75 மி.மீ. ஆகிறது. 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை. இல்லாத கனமழை நாள் ஒன்று பிறந்துவிட்டது, 2.5 மி.மீ.-க்குக் குறையாத மழை நாள்களில் இரண்டு மறைந்துவிட்டன. ஆண்டுக் கூட்டுத்தொகை மாறாததால் வழக்கமான சரிபார்ப்பில் இது சிக்குவதுமில்லை. மழை நாள் குறைகிறது, கனமழை கூடுகிறது என்று ஆய்வேடுதோறும் எழுதுகிறோமே, அதே வடிவத்தை இந்தப் பிழையும் தரும். பிந்தைய பத்தாண்டுகளில் விடுமுறைநாள் அளவீடு அதிகம் விடுபட்டிருந்தால், பிழையே போக்காகத் தெரியும்.

நான் இந்த ஐயத்தை முன்பு எழுப்பியபோது, நீண்ட தொடரில் சிறு பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் பதில் சொன்னார். அவரிடம் நான் கற்றவை ஏராளம். அவர் மீதுள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் எதேச்சையான பிழைகளே சமனாகும். இது எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிற பிழை. அந்தப் பதிலை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

வெப்பமயமாதலை நான் மறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கனமழை வலுக்கும் என்பது இயற்பியல். கோவையில் அது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதற்குத்தான் பழுதில்லாத சான்று வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்து மதகையும் உக்கடம் வாய்க்காலையும் எந்த மழைக்கு வடிவமைப்பது என்பது அந்தச் சான்றைப் பொறுத்தது.

வழி இருக்கிறது. அவிநாசி, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்ற அண்டை நிலையங்களின் அதே நாள் அளவுகளோடு ஒப்பிட்டால், சேர்த்தெழுதிய பல மழைகளைப் பிரித்துவிடலாம். மழைமானி இடம் மாறியதும், அருகே மரம் வளர்ந்து மறைத்ததும் குறிப்புப் பத்தியில் இருந்தால் அவற்றையும் தொடரோடு சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கு முனைவர் பட்டம் தரத் துறைகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் தவறு.

முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள் தினசரி மழை அளவுகளைப் பயன்படுத்துகின்றன. காலிக் கட்டத்தையும் சுழியையும் எப்படிப் பிரித்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு உங்கள் வரைபடங்களைக் காட்டுமாறு கேட்டு, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.