ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம்



நம் தோழரின் நினைவு நாளில் ஆண்டுதோறும் கூடுகிறோம். நிலம், கல்வி, இலக்கியம் என்று பல பொருள்களில் இந்த மேடையில் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு தலைப்பு கப்பல் அறைகள் என்றதும், "கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நாம் ஊரை வாசிக்கத் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாத ஒரு கிராமத்தில் பேருந்தை விட்டு இறங்கினாலும், கோயில் எங்கே, தேர் எந்தத் தெருவரை வரும், எந்த இடத்தில் திரும்பிவிடும், சேரி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்காமலே சொல்லிவிடுவோம். அந்தப் பாடத்தை நமக்கு யாரும் வகுப்பறையில் நடத்தவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய பெரிய பயணிக் கப்பல்களின் வரைபடத்தை அதே கண்ணோடு பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இன்றைய பேச்சு.

எல்லோருக்கும் தெரிந்த கப்பலிலிருந்து தொடங்குவோம். 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்டனிலிருந்து புறப்பட்டு, 15ஆம் தேதி அதிகாலையில் மூழ்கிய டைட்டானிக். திரைப்படத்தில் நாம் பார்த்தது காதல் கதை. வரைபடத்தில் இருப்பது வேறு கதை. கடலில் கப்பல் ஆடும்போது நடுப்பகுதி குறைவாக ஆடும். மூக்கும் வாலும் அதிகமாக ஏறி இறங்கும். முதல் வகுப்பு அறைகள் நடுவிலும் மேலேயும் இருந்தன. அங்கே சில குடும்பங்களுக்குத் தனியாக உலாவும் தளம்கூட உண்டு. மூன்றாம் வகுப்பு கீழே, இரு முனைகளிலும். தனியாக வந்த ஆண்கள் முன்முனையில். குடும்பங்களும் தனியாக வந்த பெண்களும் பின்முனையில். ஓர் உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முந்தைய கப்பல்களில் ஏழைப் பயணிகளைப் பெருங்கூடத்தில் அடைத்ததை நினைத்தால் டைட்டானிக் மேல்தான். மூன்றாம் வகுப்புக்கும் பெரும்பாலும் கதவு வைத்த அறைகளையே கொடுத்தார்கள். ஆனால் அந்த வகுப்பில் வந்த 700 பேருக்கும் சேர்த்துக் குளியல் தொட்டி இரண்டு.

இனி வேலைக்காரர்களின் அறைகள். கப்பலில் 29 கொதிகலன்கள், 159 உலைகள். அவற்றுக்கு இரவும் பகலும் கரி அள்ளிப் போட்டவர்கள் முன்முனையில் அடுக்குப் படுக்கைகளில் தூங்கினார்கள். வேலை முறை வந்ததும் அவர்களுக்கென்றே வைத்த சுழல்படியில் இறங்கி, அடியில் ஒரு சுரங்கப் பாதை வழியாகக் கொதிகலன் அறைக்குப் போனார்கள். கரி படிந்த அந்த உடம்புகள் பயணிகளின் கண்ணில் படாமலே கப்பல் கடலைக் கடக்கும்படி கட்டியிருந்தார்கள். பரிமாறும் ஊழியர்களின் கூட்டறைகள் 'ஈ' தளத்தில், நீண்ட நடைபாதை ஒன்றின் ஓரத்தில் இருந்தன. அந்த நடைபாதைக்கு இரண்டு பெயர்கள். ஊழியர்கள் அதை லிவர்பூல் நகரத்தின் உழைப்பாளர் தெருவான ஸ்காட்லாந்து ரோடு பெயரால் அழைத்தார்கள். அதிகாரிகளுக்கு அது லண்டன் பணக்காரத் தெருவான பார்க் லேன். மேலே இருந்து பார்க்கிறவர்களும் உள்ளே வாழ்கிறவர்களும் ஒரே இடத்துக்கு ஒரே பெயரை வைப்பதில்லை. சேரியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பல் பனிப்பாறையில் மோதிய இரவில் இந்த வரைபடம் உயிர்க்கணக்காக மாறியது. பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் எண்களைப் பாருங்கள். முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர். ஊழியர்களில் 885 பேரில் 212 பேர். மூன்றாம் வகுப்பின் 79 குழந்தைகளில் 27 குழந்தைகள்தான் கரை சேர்ந்தார்கள். படகுகள் மேல்தளத்தில் இருந்தன. மூன்றாம் வகுப்பிலிருந்து அங்கே நேராகப் போக வழி கிடையாது. நோய் பரவக்கூடாது என்று குடியேறுபவர்களைத் தனியே வைக்கச் சொன்ன அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி, வகுப்புகளுக்கு இடையே தடுப்புகள் இருந்தன.

லார்டு மெர்சி தலைமையில் நடந்த அந்த விசாரணை, மூன்றாம் வகுப்பினரிடம் பாகுபாடு காட்டப்படவில்லை என்று முடிவு சொன்னது. அவர்கள் கப்பலை விட்டு இறங்கத் தயங்கினார்கள், சாமான்களை விட மனம் வரவில்லை, அவர்கள் தங்கிய இடம் கப்பலின் கோடியில் இருந்ததால் மேலே வரச் சிரமம் என்று காரணங்களை அடுக்கியது. மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். அவர்களைக் கோடியில் வைத்தது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. மூன்றாம் வகுப்பில் பிழைத்த ஒருவரைக்கூட அந்த விசாரணை சாட்சியாக அழைக்கவில்லை. நம் ஊர்களில் நடந்த எத்தனையோ விசாரணைக் கமிஷன்களின் அறிக்கைகளைப் படித்த நமக்கு இந்த நடை பழக்கமானது.

ஆனாலும் இதைச் சாதி என்று சொல்லிவிட நாம் அவசரப்படக் கூடாது. டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புப் பயணி அமெரிக்காவில் சம்பாதித்து அடுத்த முறை இரண்டாம் வகுப்புச் சீட்டு வாங்கலாம். சீட்டு கைமாறினால் அறையும் மாறும். பிறப்பை வைத்து அறையை அளந்த கப்பல்கள் வேறு திசையில் ஓடின. அவை பம்பாய்க்கு வந்து போனவை.

பி அண்ட் ஓ போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். லஸ்கர்கள் என்று அவர்களுக்குப் பெயர். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் சுமார் 50,000 லஸ்கர்கள் இருந்தார்கள். வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. தூங்கும் இடத்தையும் சட்டமே அளந்து வைத்திருந்தது. 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பிரிட்டிஷ் மாலுமி ஒருவருக்கு 72 கன அடி இடம் கொடுத்தது. 1906இல் அது 120 கன அடியாக உயர்ந்தது. லஸ்கருக்கு இந்தியச் சட்டப்படி 36 கன அடி. 1906க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

36 கன அடி என்றால் என்ன? ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம். பெருக்கிப் பாருங்கள். செத்தவனுக்கு ஆறடி நிலம் என்று நம்மவர்கள் சொல்வார்கள். லஸ்கருக்கு அதை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார்கள். சூட்டு நாட்டுக்காரர்கள், நெருக்கியடித்து வாழப் பழகியவர்கள், இவர்களுக்கு இது போதும் என்று நியாயம் சொன்னார்கள். ஒருவரை நெருக்கத்தில் வாழ வைத்துவிட்டு, நெருக்கம் அவர் இயல்பு என்று சொல்லும் வாதம் இது. லஸ்கரின் படுக்கையில் குறைத்த ஒவ்வொரு கன அடியும் கட்டணம் கொடுக்கும் பயணிக்கோ சரக்குக்கோ போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் பேச்சு வெள்ளையரின் நிறவெறி பற்றியதாக முடிந்துவிடும். பலருக்கு அது வசதியும்கூட. லஸ்கர்கள் என்பது ஒரே கூட்டம் இல்லை. மேல்தள வேலைக்குக் கொங்கண், குஜராத் கரைகளிலிருந்து. கொதிகலன் வேலைக்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும். சாப்பாட்டுக்கூட வேலைக்குக் கோவாக் கிறித்தவர்கள். பிரிவுக்கு ஒரு தலைவர், பிரிவுக்கு ஒரு சமையல். இந்த எல்லாப் பிரிவுகளுக்கும் கீழே ஒருவர் இருந்தார். அவருக்கு 'டோபாஸ்' என்று பெயர். குளியலறை, கழிப்பறை, சாக்கடை எல்லாம் அவர் பொறுப்பு. பெரும்பாலும் துப்புரவுச் சாதிகளிலிருந்து அவரைச் சேர்த்தார்கள். நாட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நடுக்கடலில், வெள்ளைக்காரன் கப்பலில், மலம் அள்ளும் வேலைக்கு அதே பிறப்பைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 36 கன அடிக்கு எதிராக ஒன்றுசேர வேண்டிய லஸ்கருக்கும், தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலைக் கப்பல் கொடுத்தது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று எதைச் சொன்னாரோ, அது இரும்புத் தளங்களில் அப்படியே நிற்கிறது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரம் சொன்னது. சாதிக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குப் போன ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், 'ஒலிம்பியா' என்ற கப்பலையே வாடகைக்கு எடுத்தார். ராட்சத வெள்ளிக் குடங்களில் கங்கை நீர் ஏறியது. சாமியும் ஏறினார். அந்தக் குடங்களில் இரண்டை ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். டோபாஸ் தூங்கிய பலகையை எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்?

நமக்கு நெருக்கமான இன்னொரு பயணத்தையும் நினைத்துப் பார்ப்போம். 1930 அக்டோபர் 4 அன்று, வட்டமேசை மாநாட்டுக்காகப் பம்பாயில் 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா' என்ற பி அண்ட் ஓ கப்பலில் அண்ணல் ஏறினார். அந்த மாநாட்டில் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியவர்கள் இருவர். அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். தீண்டாதாரின் பிரதிநிதி பயணியாக மேல்தளத்தில் போகிறார். அந்தக் கம்பெனியின் கப்பல்களில் தீண்டாதாருக்கு வழக்கமாகக் கிடைத்த இடம் கீழே, துடைப்பத்தோடு. அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிப் பேசத்தான் அவர் லண்டனுக்குப் போனார் என்று நாம் சொல்லலாம். ஒருவர் மேலே போனதால் கீழே உள்ள அறை காலியாகிவிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நமக்குத்தான் சில நேரம் மறந்துபோகிறது. நம்மில் ஒருவர் அதிகாரியானால், பேராசிரியரானால், இந்த மேடையில் ஏறிப் பேசினால், கப்பலே மாறிவிட்டது போல நாமும் மகிழ்ந்து போகிறோம்.

அந்தக் கப்பல்கள் எல்லாம் போய்விட்டன. அவற்றைக் கட்டிய கணக்கு கரையேறிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலைக்கு வருகிறவர்களுக்கு வேறு லிஃப்ட். தூய்மைப் பணியாளர் உடை மாற்றவும் உட்காரவும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை. பல இடங்களில் அதுவும் கிடையாது. வரைபடத்தில் அவருடைய துடைப்பத்துக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள், அவருக்கு இருக்காது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். அந்தக் காலச் சட்டம் இரக்கமில்லாதது. ஆனாலும் அது எண்ணை எழுதி வைத்தது. 36 என்றும் 120 என்றும் எழுதியிருந்ததால்தான் அநீதியின் அளவை நூறு ஆண்டு கழித்து இங்கே சொல்ல முடிகிறது. இன்று நம்மிடம் எண்கள் இல்லை. "இடம் பத்தவில்லை" என்ற முனகல்தான் இருக்கிறது. விடுதிக்குத் திரும்பியதும் ஓர் அளவு நாடா எடுங்கள். அறையின் நீளம், அகலம், உயரம் அளந்து, அதில் தூங்குகிறவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். எத்தனை பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கழிப்பறை என்று எண்ணுங்கள். அவற்றைக் கழுவுகிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள், கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தத் தாள்களோடு வாருங்கள். அடுத்த நினைவுச் சொற்பொழிவு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.