கல்லடி பட்ட கண்ணாடி



தோட்டத்துப் பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குக் கல் தெறிப்பது புதிய செய்தி அல்ல. செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னே போகும். அதன் சக்கரம் கிளப்பிய கல் ஒன்று ‘டக்’கென்று நம் காரின் முன்கண்ணாடியில் வந்து மோதும். இறங்கிப் பார்த்தால் மிளகளவில் ஒரு புள்ளி தெரியும். ‘நல்ல வேளை, உடையவில்லை’ என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவோம். மிளகளவான அந்தப் புள்ளியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்காரர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சேமிப்பைப் போட்டு, போதாததற்குக் கடன் வாங்கி, பழைய வேன் ஒன்றை வாங்கினார். குடும்பத்துக்கு அதுதான் சோறு போடுகிறது. ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய சாலையில் கல் லோரிக்குப் பின்னால் வந்தபோது அவர் கண்ணாடியில் கல் பட்டது. பள்ளி வாசலில் வேனை நிறுத்தி, “ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க. பட்டணத்துக்குப் போய்க் காட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டார்.

வாசலில் நின்ற ஆசிரியர்களாகிய நாங்கள் எட்டிப் பார்த்தோம். “சின்னப் புள்ளிதானே அண்ணே. மாதக் கடைசியில் வேன் காசு வந்ததும் பார்த்துக்கொள்ளலாமே” என்றோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து திடலில் வெயிலில் நின்ற வேன் அடுப்பைப்போல் கொதித்தது. பிள்ளைகள் ஏறுவதற்கு முன், கண்ணாடியில் படிந்திருந்த செம்மண் தூசியைக் கழுவலாமென்று அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். ஊற்றியதுதான் தாமதம், புள்ளியிலிருந்து ஒரு கீறல் கிளம்பி மறு ஓரம்வரை ஓடிற்று. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, கைதட்டினார்கள். வேன்காரர் வெறும் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

கீறல் அவர் கண்ணுக்கு நேரே ஓடியிருந்ததால் பிள்ளைகளை ஏற்ற அவர் துணியவில்லை. பெற்றோர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனார்கள். தொலைவான டிவிஷனிலிருந்து வரும் பிள்ளைகள் மூன்றரை மணிவரை காத்துக் கிடந்தார்கள். அடுத்த இரண்டு பள்ளி நாள்கள் வேன் பட்டறையில் நின்றது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. புதுக் கண்ணாடிக்கு அந்த மாத வருமானத்தில் பெரும்பகுதி போயிற்று. அவர் எங்களைத் திட்டவில்லை. “படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அதன் பிறகு புத்தகங்களைப் பார்த்தும், பட்டறைக்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

காரின் முன்கண்ணாடி வீட்டு ஜன்னல் கண்ணாடி போன்றதன்று. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளை எடுத்து, நடுவில் பசைத்தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டச் செய்திருக்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காயா தடவியதுபோல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம். நடுப்படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகளை அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். அவை முகத்தில் வந்து குத்தமாட்டா.

இந்த யோசனை ஒரு தற்செயலில் பிறந்ததாகச் சொல்வார்கள். பிரெஞ்சு நாட்டவரான எடுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1903ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்ததாம். கீறல் விட்டதே தவிர அது சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த ஒரு வகைத் திரவம் உலர்ந்து மெல்லிய தோலாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதைக் கவனித்த அவர், 1909இல் இத்தகைய கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

பக்கத்துக் கண்ணாடிகள் வேறு வகை. அவை சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கப்பட்டவை. உடைந்தால் கற்கண்டுபோல் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். மிகப் பழைய லோரிகளிலும் கார்களிலும் முன்கண்ணாடியே இந்த வகையாக இருப்பதுண்டு. அதைப் பழுது பார்க்க முடியாது. உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தகைய கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப் பாதை மறைந்துவிட்டால், பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். காலை மெதுவாக எடுத்து, அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரமாக நிறுத்துங்கள்.

இனி, கல்லடி பட்ட புள்ளிக்கு வருவோம். பெரும்பாலும் கல் உடைப்பது வெளித் தகட்டை மட்டுமே. நடுப்படலமும் உள் தகடும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் அதைப் பழுது பார்க்க முடிகிறது. ஆனால் அந்தப் புள்ளி சும்மா இருப்பதில்லை. அதை வளர்ப்பவை மூன்று.

முதலாவது சூடும் குளிரும். வெயிலில் சூடான கண்ணாடி விரிந்திருக்கும். அதன்மீது குளிர்ந்த நீர் பட்டால், பட்ட இடம் மட்டும் சுருங்கப் பார்க்கும். பக்கத்து இடம் சுருங்காது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில், ஏற்கெனவே பலவீனமான இடம் பிளந்துகொள்ளும். வேனுக்கு நேர்ந்தது இதுதான். வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் ஏர்கோனை முழு வேகத்தில் வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாலும் இதே கதிதான்.

இரண்டாவது குலுக்கல். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதும், கதவை ஓங்கிச் சாத்தும்போதும் கண்ணாடி வளைந்து கொடுக்கிறது. நம் தோட்டச் சாலைகளில் அதற்குக் குறைவில்லை.

மூன்றாவது ஈரம். கண்ணாடியைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். ஆனால் கீறலின் நுனியில் ஏற்கெனவே இழுவிசை இருக்கிறது. அங்கே ஈரம் புகுந்தால், கண்ணாடியின் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. ‘ராத்திரி சும்மாதானே நின்றது, காலையில் எப்படி நீண்டது?’ என்று சிலர் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கல் பட்ட அன்றே செய்ய வேண்டியது என்ன?

வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். காய்ந்த சுத்தமான துணியால் புள்ளியைச் சுற்றிலும் மெதுவாகத் துடையுங்கள். ஊசியாலோ நகத்தாலோ நோண்ட வேண்டாம். பிறகு பிள்ளைகளின் புத்தகப்பையில் இருக்கும் செலோடேப்பில் ஒரு துண்டு கிழித்து, புள்ளியின்மீது ஒட்டிவிடுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருந்தால், பட்டறைக்காரர் செய்யும் வேலை நன்றாகப் பிடிக்கும். கண்ணுக்கு நேரே பார்வையை மறைக்கும்படி மட்டும் ஒட்டாதீர்கள். பட்டறைக்குப் போகும்வரை வண்டியை நிழலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

பற்பசை பூசுவதும் நகப்பூச்சு தடவுவதும் கண்ணாடியை ஒட்டவைக்கமாட்டா. கடையில் விற்கும் அவசரப் பசையை ஊற்றினால், அது உள்ளே இறுகிக்கொண்டு, பிறகு முறையான மருந்து போகும் வழியை அடைத்துவிடும். பழுது பார்க்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்? புள்ளியைச் சுத்தம் செய்து உலர்த்துகிறார்கள். அதன்மேல் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த இடத்தில் கண்ணாடியைப்போலவே ஒளி ஊடுருவும் ஒரு பிசினை அழுத்திச் செலுத்துகிறார்கள். புற ஊதா விளக்கைக் காட்டியதும் அது இறுகிவிடும். மேலே இருப்பதைச் சுரண்டி மெருகேற்றினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். மங்கலாக ஒரு தழும்பு தெரியலாம். ஆனால் கீறல் பெரும்பாலும் மேலும் ஓடாது. செலவும் புதுக் கண்ணாடியின் விலையில் சிறு பகுதிதான்.

எல்லாக் காயத்தையும் இப்படி ஆற்ற முடியாது. நமது 50 காசு நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவென்றால் பழுது பார்க்கக் கேளுங்கள். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருந்தால், கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருந்தால், உட்புறம் தடவும்போது விரலில் தட்டுப்பட்டால், மாற்றுவதே நல்லது. மாற்றும்போதும் அவசரம் கூடாது. இன்றைய வண்டிகளில் முன்கண்ணாடி பசையால் ஒட்டப்படுகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. பசை இறுகும்வரை, பட்டறைக்காரர் சொல்லும் நேரம் முழுவதும் வண்டியை எடுக்காதீர்கள்.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், முன்கண்ணாடிக்குத் தனியாகக் கூடுதல் தொகை கட்ட வேண்டும். கண்ணாடிக்கு நாம் குறிக்கும் விலையில் பொதுவாக நூற்றுக்கு 15 பங்கு கேட்பார்கள். 800 வெள்ளிக் கண்ணாடி என்றால் 120 வெள்ளி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கட்டியிருந்தால், கண்ணாடிக்குப் பணம் கோரினாலும் ஆண்டுதோறும் கிடைக்கும் என்.சி.டி. கழிவு குறையாது. ஒருமுறை கோரிவிட்டால், மறுபடியும் அந்தப் பாதுகாப்பைப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. சாலை வரியைப் புதுப்பிக்கும் நாளில் இதை மறவாமல் கேளுங்கள்.

கடைசியாக, வருமுன் காப்பது பற்றி ஒரு வார்த்தை. வேகம் இரட்டித்தால் அடியின் பலம் நான்கு மடங்காகிறது. ஆகவே கல் லோரி, மண் லோரி எதற்கும் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். லோரி ஓட்டும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்பக்கத்து இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். தோட்டச் சாலையை விட்டுப் பெரிய சாலையில் ஏறுமுன், ஒரு நிமிடம் இறங்கி அதைத் தட்டி எடுத்துவிடுங்கள். பின்னால் வருவது யாருடைய பிள்ளைகள் ஏறிய வேன் என்று யாருக்குத் தெரியும்?

நேயர்களே, நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரிகொண்டு வெட்டும்படி விட்டுவிடக் கூடாது என்பார்கள். எங்கள் வேன்காரர் இப்பொழுது வண்டிக்குள் ஒரு செலோடேப் சுருளை வைத்திருக்கிறார். சென்ற பருவத்தில் மறுபடியும் ஒரு கல் பட்டது. இம்முறை அவர் எங்களிடம் கேட்கவில்லை. டேப்பை ஒட்டினார், பிள்ளைகளை இறக்கிவிட்டார், நேரே பட்டறைக்குப் போனார். பகல் ஒரு மணிக்கு வழக்கம்போல் வாசலில் வேன் நின்றது.