நீட்டினால் வலி தீருமா?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போன மாதம் ஒரு பெரியம்மா என்னிடம், “வாத்தியாரே, புள்ளைங்களுக்குக் கையைக் காலை நீட்டச் சொல்லித் தர்றீங்களே, எங்க இடுப்பு வலிக்கும் அது கேக்குமா?” என்று கேட்டார். அதற்குப் பதிலே இன்றைய என் பேச்சு.

தூங்கி எழுந்த பூனையைப் பாருங்கள். முதுகை வளைத்து, கால்களை நீட்டிச் சோம்பல் முறித்த பிறகே நடக்கிறது. நம் வேலையோ ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறது. பால்மரம் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் குனிகிறார். செம்பனைக் குலை அறுக்கிறவர் அண்ணாந்தே நிற்கிறார். கோத்தா கோலா மூடா கடற்கரையில் வலை இழுக்கிறவருக்கும் தோள் இறுகிப்போகிறது. இறுகிய தசையை மெல்ல நீட்டிவந்தால் மூட்டு எளிதாக அசையும். இரவில் கெண்டைக்காலில் குறக்களி பிடிக்கிறதா? காலை நீட்டி, பாதத்தின் முன்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

எப்படி நீட்டுவது? முதலில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு மெதுவாக நீட்டி 10 முதல் 30 விநாடி வரை நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் சுருங்கும். இழுப்பு தெரியலாம், வலிக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

இனி அதன் எல்லையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் படைப்பயிற்சிக்கு வந்த 1,538 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சிக்கு முன் தசையை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காலில் காயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. மறுநாள் வரும் உடம்புவலியையும் நீட்டுதல் அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஓட்டப் பந்தயத்துக்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் வேகம்கூடச் சிறிது குறையலாம். மாணவர்களே, அந்த நேரத்தில் மெல்லோட்டமும் கை கால் வீச்சும் போதும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய புதிதில், ஓடும்போது தொடை பிடித்துக்கொண்ட ஒரு பையனிடம், “நல்லா நீட்டுடா, சரியாப் போயிடும்” என்றேன். தசை கிழிந்திருந்தது. பல வாரம் நொண்டினான். இன்றும் என் மனம் உறுத்துகிறது. ஆகவே சட்டென்று வந்த வலியோ வீக்கமோ இருந்தால் நீட்டாதீர்கள், ஓய்வு கொடுங்கள். கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால் உடனே கிளினிக்கிற்குப் போங்கள்.

பெரியம்மாவுக்கு என் பதில் இதுதான்: நீட்டினால் இறுக்கம் கொஞ்சம் தளரும், சுமையின் பாரம் குறையாது. வாளியை நிறைக்காமல் இரண்டு நடையாகத் தூக்குங்கள். கனமானதை இருவர் சேர்ந்து தூக்குங்கள். இடையிடையே நிமிர்ந்து நில்லுங்கள். பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். அப்படியே அம்மா கையிலிருக்கும் தண்ணீர் வாளியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.