மிதிவண்டியும் வழியுணவும்



விடுமுறை நாட்களில் நம் இளைஞர் சிலர் வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வழியாகக் கம்பம் வரை மிதிவண்டியிற் சென்று மீள்கின்றனர். மகிழத்தக்கதே. ஆயினும் ஒரு குவளைத் தேநீரோடு புறப்பட்டு விடுகின்றனரே! போகையில் துன்பமில்லை, குமுளிக்கு அப்பால் லோயர் கேம்ப் வரை இறக்கமன்றோ! மீளும்போதுதான் மலை ஏற வேண்டும்.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைச் சேமிப்பு, கடுமையாக மிதித்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடக்கூடும். பின்னர்க் கண் இருளும், கை நடுங்கும். கொண்டையூசி வளைவில் எதிரே பேருந்து வருகையில் அந்த நடுக்கம் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின் பசிக்குமுன் உண்ணல் வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பர் உடலியலார். பெரிய நேந்திரம்பழம் ஒன்றே ஏறக்குறைய அதனைத் தந்துவிடும்.

கடலை மிட்டாய் ஆகாதா என்பீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமையே. அதன் வெல்லம் விரைந்து உதவும்; கடலையின் கொழுப்போ மெல்லவே செரிக்கும். ஏற்றத்தின் நடுவே வேண்டா. அடிவாரத்தில் இளைப்பாறுகையில் உண்க. நேந்திரங்காய் வறுவல் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் எண்ணெய் மிகுதி. வியர்வையோடு உப்பும் கழிவதால், புளியோதரை உருண்டை இரண்டு மிக ஏற்றவை.

தாய்மார்களே, பிள்ளை புறப்படுமுன் பையைச் சற்றே திறந்து பாருங்கள். நீரிழிவுக்கு ஊசி மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேட்டே புறப்படுக. தண்ணீரை லோயர் கேம்பிலேயே நிரப்பிக்கொள்க.