மருந்துக்கு அடங்காத கிருமி
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது றொசல்லைத் தோட்ட லயங்களிலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். திறந்தால் மிஞ்சிய மாத்திரைகள் கிடக்கும். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எடுத்து வைத்தோம். அடுத்த காம்பராப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் கொடுக்கலாமே என்ற நல்ல மனசுதான். ஆனால் சாதாரண சளியை உண்டாக்குவது வைரசு. அதனிடம் அன்டிபயோட்டிக் மருந்து செல்லாது. பிள்ளையின் வயிற்றிலுள்ள மற்றக் கிருமிகளுக்கு மட்டும் அது பாடம் படிப்பித்துவிட்டுப் போகும்.

அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். புது டில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம், 2008இல் ஒரு கிருமி அகப்பட்டது. டாக்டர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே அது உடைத்தெறிந்தது. உடைக்கும் நொதியத்துக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்குள் புது டில்லி இருப்பதை இந்திய அரசு கண்டித்தது. ஊரின் பெயரை நோய்க்கு வைப்பது நமக்கும் உவப்பில்லை. கிருமியோ பெயர்ச் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை.

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரித்தானியாவின் திமொதி வால்ஷும் மற்றும் பலரும் சேர்ந்து ஆய்வொன்றை வெளியிட்டனர். நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் இந்த நொதியம் உள்ளவை சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37. இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73.

இதில் நம்மை அச்சுறுத்துவது எண்ணிக்கையல்ல. இந்த வல்லமை பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கிருமி அதை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும், அடுப்பு மூட்ட அடுத்த வீட்டுக்குத் தணல் கொடுப்பதுபோல! வயிற்றுக் கிருமிகளோ கழிவோடு தண்ணீருக்குப் போகின்றன. 2011இல் வெளியான ஆய்வில், புது டில்லியின் குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் இந்த மரபணு இருந்தது. பீலித் தண்ணீரை நம்பி வாழும் நமக்கு இது தூரத்துக் கதையா?

டிக்கோயா வைத்தியசாலைக்குப் பிரசவத்துக்குப் போகும் நம் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சத்திரசிகிச்சைப் புண்ணில் இத்தகைய கிருமி புகுந்தால், டாக்டர் கையில் மிஞ்சும் மருந்துகள் மிகச் சிலவே. அவற்றிலும் சில சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை.

பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே குறைந்த அளவு மருந்தின் ஆபத்தை எச்சரித்தார். எத்தனை நாள் குடிப்பது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். சில நோய்களுக்கு முன்பு கொடுத்ததிலும் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது காண்கிறார்கள். அதையும் நாமாகத் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று. நோயாளியைப் பார்க்க வான் நிறையப் போகிறோம், கட்டிலில் உட்காருகிறோம், கைகழுவாமல் அடுத்த கட்டிலுக்கும் நலம் விசாரிக்கப் போகிறோம். பாசந்தான்! கிருமிக்கும் அதுதான் வாகனம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தகரப் பெட்டிகளை எடுத்து வாருங்கள். மாத்திரைகளை ஒன்றாய்ச் சேர்த்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒப்படைக்க, சங்கத்து இளைஞர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.