பருத்திப்பட்டு ஏரிக்கரையிலிருந்து எழும்பூர் வரை

இன்றைக்குத் தொலைதூரப் பயணம் இல்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இறங்கிக்கொள்வோம்.

விடியற்காலை. கரைமேல் இருக்கும் நடைபாதையில் கைவீசி நடக்கிறார்கள். நீருக்கு நடுவே ஒரு திட்டில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துகிறது. இந்தக் கரையை யார் போட்டார்கள், மதகுக்குக் காவல் இருந்தவருக்கு விளைச்சலில் எத்தனை மரக்கால் அளந்தார்கள் என்று நடப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஆனால் இதையெல்லாம் ஊர் ஊராக எழுதிவைத்த காலம் ஒன்று இருந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சுற்றுவட்டாரச் சீமையை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதினார்கள்: வீடு எத்தனை, நஞ்சை எவ்வளவு, ஏரி எவ்வளவு, விளைந்ததில் கோயிலுக்கும் தச்சருக்கும் வெட்டியாருக்கும் என்ன பங்கு. 1780-இல் ஹைதர் அலியின் படை புகுந்தபோது சீமையே வெறிச்சோடியது. பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஓலைக்கட்டையுமா தூக்குவார்? ஆனாலும் பர்னார்டின் கணக்கு பிழைத்தது, அதன் ஆங்கிலச் சுருக்கம் சென்னைக் கோட்டைக்குப் போயிருந்ததால்.

அதைப் பார்க்க ஆவடியில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர் போவோம். ரயில் நிலையத்துக்கு எதிரே செக்கச்செவேல் என்று நிற்கிறதே, அதுதான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' இந்தக் கட்டடத்துக்கு வந்தது. கும்பினியின் கோட்டைப் பதிவேடுகள் 1670-களில் தொடங்கி இங்கே இருக்கின்றன.

ஆனால் வரிசை முழுதாக இல்லை. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் கோட்டையைக் குண்டு வீசிப் பிடித்தன. அங்கே குமாஸ்தாவாகப் பேரேடு எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் கடலூருக்குத் தப்பினார். அவருக்குக் கால் இருந்தது, பேரேடுகளுக்கு இல்லை. 1749-இல் நகரம் திரும்பி வந்தபோது அவற்றில் பல வரவில்லை. கும்பினி தன் நடவடிக்கைக் குறிப்புகளுக்குப் படியெடுத்து லண்டனுக்குக் கப்பலேற்றும் வழக்கம் வைத்திருந்தது. இங்கே அழிந்த சில ஆண்டுகளின் கதையை இன்று நாம் படிக்க முடிவது அந்தப் படிகளால்தான்.

இன்னொரு சாட்சி நம்முடையது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். சென்னை பிடிபட்ட நாள்களின் சேதிகள் அதில் வருகின்றன. நெடுநாள் வீட்டிலேயே கிடந்த அந்த ஏடு, சுமார் 1846-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. நான்காம் தொகுதியிலிருந்து பதிப்பித்தவர் இதே காப்பகத்தின் காப்பாட்சியராக இருந்த ஹென்றி டாட்வெல். கோட்டையின் ஏடு போன இடத்தில் ஒரு வீட்டு ஏடு பேசியது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

படி இல்லாத ஏட்டின் கதி என்ன என்று அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. உடன் எரிந்த ஓலைச்சுவடிகளை எவராலும் திருப்பித் தர முடியவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கிரயப் பத்திரம், தாத்தாவின் கணக்கு நோட்டு, ஓலைக்கட்டு ஏதாவது இருக்கும். இந்தப் போகிக்கு அதை நெருப்பில் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து ஒரு படியை வேறொரு வீட்டில் வையுங்கள்.