என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள்

(ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் நானும் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். நான் பெரிய படிப்பாளி அல்ல. ஆகையால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசி உங்கள் பொழுதை வீணாக்கப் போவதில்லை. ஒரு சிறு சங்கதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நாம் ஒருவரையொருவர் கண்டால் என்ன கேட்கிறோம்? மழை உண்டா, நெல் என்ன விலை, பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறீர்கள் என்று கேட்கிறோம். "இப்பொழுது என்ன புத்தகம் படிக்கிறாய்?" என்று யாராவது கேட்கிறோமா? இதோ இந்த அலமாரியில் இருந்து புத்தகம் எடுத்துப் போகிறவர் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். திருப்பிக் கொடுக்கும்போதும் கையெழுத்துப் போடுகிறார். நடுவில் அந்தப் புத்தகம் அவர் புத்தியில் என்ன வேலை செய்தது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாய்ப் போய்விடுகிறது. படித்ததை மற்றவனுக்குச் சொல்லாமல் மறைத்து வைப்பதே சிலருக்குப் பிழைப்பாய் இருந்தது என்று நாம் மேடைதோறும் கண்டிக்கிறோம். கண்டிக்கிற நாமே படித்ததை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நீ என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்பீர்கள். நியாயந்தான், சொல்லுகிறேன். பிரெடரிக் டக்ளஸ் என்பவர் 1845-ம் வருஷம் வெளியிட்ட தம்முடைய சரித்திரத்தைப் படித்துக் கொண்டிருக்கிறேன். அவர் அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்தவர். பால்டிமோர் பட்டணத்தில் சிறுவனாய் இருந்தபோது எஜமானி அம்மாள் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் தடுத்து விட்டான். எழுத்துக் கற்ற அடிமை பிறகு அடிமையாய் இருக்க உதவமாட்டான் என்பது அவன் சொன்ன காரணம். அடிமைச் சங்கிலியின் பூட்டு எங்கே இருக்கிறது என்பது அந்தச் சிறுவனுக்கு அன்றே விளங்கிவிட்டது. தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் எழுத்தைக் கற்றுக்கொண்டார்.

கற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். தமக்கு வந்தது போதும் என்று இருக்கவில்லை. பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்ட காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எஜமானர்களுக்குத் தெரியாமல் மற்ற அடிமைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு சமயம் 40 பேருக்கு மேல் அவரிடம் படித்தார்கள். தெரிந்தால் முதுகில் சவுக்கடி விழும். அப்படி இருந்தும் அவர்கள் வந்தார்கள். 1838-ல் தப்பியோடி விடுதலை பெற்றவர், பிறகு ஊர் பெயரும் எஜமானன் பெயரும் போட்டே இந்தப் புத்தகத்தை எழுதினார். அதனால் மறுபடியும் பிடிபடும் அபாயம் வந்து, சீமைக்குப் போய்ச் சிலகாலம் இருக்க நேர்ந்தது. நமக்கு என்ன ஆபத்து, தோழர்களே? சவுக்கும் இல்லை, காவலும் இல்லை. சோம்பல் ஒன்றுதான் இருக்கிறது.

நிற்க. "எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இது சரி, தெரியாதவர்கள் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்கலாம். கியூபா தேசத்துச் சுருட்டுத் தொழிலாளர்களைப் பாருங்கள். 1865-ல் ஹவானா பட்டணத்து ஒரு தொழிற்சாலையில், உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக் கொண்டிருந்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, பத்திரிகையும் புத்தகமும் உரக்கப் படிக்க ஒரு ஆளை வைத்துக் கொண்டார்கள். கை வேலை செய்தது, காது படித்தது. அடுத்த வருஷமே, 1866-ல், சர்க்கார் அதற்குத் தடை போட்டது. பாமர மக்கள் கூடிப் படிப்பதென்றால் ஆளுகிறவர்களுக்கு அவ்வளவு பயம்! ஆனாலும் அந்த வழக்கம் சாகவில்லை. அங்கிருந்து அமெரிக்காவில் டாம்பா பட்டணத்துக்கும் போயிற்று. 1931-ல் அங்கே முதலாளிகள் படிப்பவரை நீக்கியபோது தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கியூபாவில் இன்றைக்கும் அது நடக்கிறது. அந்தக் காலத்தில் இவர்களில் எத்தனையோ பேர் எழுத்தறியாதவர்களாய் இருந்தார்கள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று யார் சொல்லத் துணிவார்கள்?

இன்னொரு சங்கதி. படித்ததைச் சொல்லுவது வேறு, பீற்றிக்கொள்ளுவது வேறு. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு கனவான் எழுந்து ஒரே மூச்சில் ஆறு புத்தகங்களின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு நெசவாளித் தோழர் எழுந்து, "நான் ஒரே புத்தகந்தான் படிக்கிறேன், ஐயா, அதிலும் பாதி விளங்கவில்லை" என்று சொல்லி, விளங்காத இடத்தையும் எடுத்துச் சொன்னார். அதைப்பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அந்த ஆறு பெயரில் ஒன்றுகூட இன்று எனக்கு ஞாபகமில்லை. நெசவாளியின் கேள்வி மறக்கவில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு மாலை இந்த வாசகசாலையில் கூடுங்கள். ஒவ்வொருவரும் என்ன படிக்கிறார், அதில் என்ன சொல்லியிருக்கிறது, அதில் எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லட்டும். ஒப்புக்கொள்ளாததைச் சொல்லுவதுதான் முக்கியம். இல்லாவிட்டால் பழைய புராணம் கேட்ட பழக்கத்தைப் புதுப் புத்தகத்துக்கு மாற்றினவர்களாவோம். எழுத்துத் தெரியாத தோழர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டட்டும். முக்கியமாய் வீட்டிலிருக்கும் பெண்களைக் கேளுங்கள். "உப்புப் போட்டாயா?" என்று தினமும் கேட்கிற வாய், "என்ன படித்தாய்?" என்று ஒரு நாள் கேட்டால் முத்து உதிர்ந்துவிடாது. படிக்க நேரமே இல்லை என்று அவர்கள் பதில் சொன்னால், அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது யார் என்று நாமே யோசித்துப் பார்க்க வேண்டியதுதான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு ஆலோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், இன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே பக்கத்தில் நடந்து வருகிறவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.